துண்டு யாருக்கு?

மலையூரான எங்கள் நாரினில் ஒருவர் புதுக்குதிரை வாங்கினால், அது வீடு போய்ச் சேருவதற்குள் அதன் விலை, வயது, கால் ஊனம் எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் சால்கின், மாரத்தும் ஜிபாரும் பெற்ற மகள் அல்ல. மாரத்தின் தம்பி எசெனுக்கும் அவன் மனைவி அனாருக்கும் பிறந்த தலைச்சன் பிள்ளை.

அண்ணனுக்குக் குழந்தை இல்லையென்றால் தம்பி தன் முதல் குழந்தையைக் கொடுப்பது எங்களிடம் புதிதல்ல. கொடுத்தவர்கள் அதன் பிறகு ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொல்கிற உரிமை வாங்கி வளர்த்தவளுக்கு மட்டும்தான். ஜிபார் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முடியட்டும், படிப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

கல்யாணமும் முடிந்து வருஷங்கள் போன பிறகு ஒரு நாள் எசென் இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். ‘வந்தது வந்தீங்க சித்தப்பா, நெஞ்சையும் பாத்துடலாம்’ என்று ஸ்கேன் கருவியை அவன் மார்பில் வைத்தாள் சால்கின். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய மிஷினில் படம் எடுத்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்து அனுப்பினார்கள். கூடவே ஒன்றையும் சொன்னார்கள்: இது பரம்பரையாக வருவது, கூடப்பிறந்தவரையும் பெற்ற பிள்ளைகளையும் உடனே பாருங்கள்.

கூடப்பிறந்த மாரத்தைப் பார்த்தாயிற்று. குழாய் சுத்தமாக இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சால்கின் கையைத் தட்டிச் சிரித்தாள். “அப்பாவுக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல. நம்ம வீடு தப்பிச்சுதும்மா!”

டாக்டர் போட்ட கணக்கில் தப்பில்லை. அப்பா யார் என்பதில்தான் தப்பு. அதைத் திருத்த வேண்டியவள் ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே சாப்பாட்டில் சித்தப்பா எப்படி இருக்க வேண்டும் என்று சால்கின் அப்பாவுக்கு விளக்கினாள். பாரம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. முக்கவே கூடாது. குழாய் கிழிந்தால் ஆஸ்பத்திரிக்கு வரக்கூட நேரம் இருக்காது.

முக்கவே கூடாது என்ற சொல் காதில் விழுந்ததும் ஜிபார் மகளின் வயிற்றைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த கர்ப்பம். ஐந்தாம் மாதம். அன்றிலிருந்து ஜிபாருக்குத் தூக்கம் போயிற்று.

இன்று எசெனின் மகன் தாலாயை ஸ்கேனில் பார்க்கும் நாள்.

*

காலையில் ஜிபார் டீயில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. அனார் நின்றாள். பூட்ஸில் சேறு. கையில் ஒன்றும் இல்லை. எங்கள் பெண்கள் பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்கப் போனால்கூட ஒரு ரொட்டியோடுதான் போவார்கள். வெறுங்கையோடு வந்து நிற்கும் ஓரகத்தியைப் பார்த்ததுமே ஜிபாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“உள்ள வா. டீ ஆறிடும்.”

அனார் உட்கார்ந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

“தாலாயை இன்னைக்குப் பாக்கறாங்கக்கா.”

“தெரியும். சால்கின் சொன்னா.”

“சால்கின்தான் பாக்கறாளாம்.”

“அவதானே டாக்டரு. வேற யாரு பாப்பா, கசாப்புக் கடைக்காரனா?”

அனார் சிரிக்கவில்லை. விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

“அவளை யாருக்கா பாப்பாங்க?”

ஜிபார் ரொட்டியைப் பிய்த்தாள். துண்டைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கி, கடைசியில் குருவிக்குப் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“நீ வாக்குக் குடுத்திருக்க அனார்.”

“குடுத்தேன். பிள்ளையை உங்க பாவாடை ஓரத்துல ஏந்தி வாங்கிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு நாளாவது மீறியிருக்கேனா? அவ கல்யாணத்துல கொல்லைப்பக்கம் உக்காந்து அண்டா தேச்சேன். முன்னால வந்து நின்னேனா?”

“இல்ல.”

“இப்பவும் மீறல. அவகிட்ட போகல, உங்ககிட்டதான் வந்திருக்கேன். நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாமில்ல?”

“மாசமா இருக்கறவகிட்டயா? கேட்டுட்டு மயக்கம் போட்டு விழுந்தா? பிள்ளைக்கு ஏதாவது ஆனா?”

“சொல்லாம விட்டு, பிரசவத்துல ஏதாவது ஆனா?”

ஜிபாரின் வாயில் வரக் கூடாததுதான் வந்தது.

“பிள்ளையைத் திருப்பிக் கேக்க நல்ல நேரமா பாத்து வந்திருக்க!”

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அனாரின் முகம் வெளுத்துவிட்டது. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எனக்குத் திருப்பி வேண்டாம்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்.” வாசலில் நின்று திரும்பினாள். “இருந்தா போதும்.”

அவள் போன பிறகும் கிண்ணத்தில் டீ அப்படியே இருந்தது. மேலே ஏடு கட்டிவிட்டது. ஜிபார் அதைக் கொட்டவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கன்று போடப் போகும் பசுவைப் பார்க்க மாரத் தொழுவத்துக்குப் போயிருந்தான். இந்தப் பேச்சே அவனுக்கு ஆகாது. ‘உன் இஷ்டம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவான். இத்தனை வருஷமாக எல்லாச் சுமையையும் அந்த ஒரு சொல்லால்தான் அவள் தலையில் ஏற்றியிருக்கிறான்.

ஜிபார் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த கல்யாணச் சால்வையை ஒதுக்கினாள். அடியிலிருந்து புதிய பெரிய துண்டு ஒன்றை எடுத்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் துண்டை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். படுக்கையில் விரிக்கவும் வேண்டும், பூசுகிற பசையைத் துடைக்கவும் வேண்டும். மறந்து போனவர்களை நர்ஸ் திட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்கும்.

துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். எடுத்து வெளியே வைத்தாள். மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

“இது என்னடா, கார் துடைக்கிற துணியையா கொண்டாந்திருக்க?”

“துவைச்சதுதான்க்கா!”

“எதுல, டீசல்லயா?” என்றாள் சால்கின்.

தாலாய் பிஷ்கெக்குக்கு டாக்ஸி ஓட்டுகிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. மல்யுத்தத்தில் ஆட்டுக்கிடா பரிசு வாங்கியவன். ஊசியைப் பார்த்தால் மட்டும் கண் சொருகிவிடும். சட்டையைக் கழற்றும்போதே மேஜையின் மேல் நோட்டம் விட்டான்.

“ஊசி உண்டா?”

“கிடையாது.”

“கத்தி?”

“கிடையாதுடா. நெஞ்சு மேல வெச்சுப் பாக்கறதோட சரி. ஒரு பொட்டு ரத்தம் வராது.”

“அப்ப அம்மா ஏன் காலைலேருந்து அழுவுறாங்க?”

“அவங்க உங்கப்பாவை நெனச்சு அழுவுறாங்க. இடப்பக்கமாத் திரும்பிப் படு.”

மூலையில் இன்னொரு மேஜையில் டாக்டர் ரோசா உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்குத் தலைமை அவர்தான். சால்கினுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எதையோ போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்.

“சால்கின், இவன் எழுந்திரிச்சதும் நீயும் ஒரு தடவை படுத்துக்கோயேன்.”

“ஒரு வாரமா இதையே சொல்றீங்க ரோசாக்கா. எனக்கு எதுக்கு? எங்கப்பா குழாயை நீங்கதானே பாத்தீங்க?”

“பாத்தேன்.”

“சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.” ரோசா கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “வயித்துல பிள்ளை இருக்கேன்னு சொன்னேன்மா. வேற ஒண்ணுமில்ல.”

ரோசாவும் நாரின்காரர்தானே!

சால்கின் விளக்கை அணைத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் தாலாயின் இதயம் துடித்தது. அதன் வாயிலிருந்து கிளம்பி மேலே வளையும் குழாயைத் தேடிப் பிடித்தாள். இந்தப் பக்கச் சுவரில் ஒரு புள்ளி, அந்தப் பக்கச் சுவரில் ஒரு புள்ளி. பொத்தானை அழுத்தினாள். டிக் என்ற சத்தத்தோடு அளவு திரையில் வந்தது.

சால்கின் கையை எடுத்தாள். கொஞ்சம் பசையைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள்.

“மூச்சை வெளியில விட்டு நிறுத்து. இன்னொரு தடவை அளந்துக்கறேன்.”

அந்த அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். குழாய் நன்றாக இருந்தால் ஒரு தடவை அளந்து, துடைத்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள். மறுபடி அளந்தால், முதலில் வந்த அளவை நம்ப மனசு வரவில்லை என்று பொருள்.

“என்னக்கா, நிலம் அளக்கறவன் மாதிரி திருப்பித் திருப்பி அளக்கறே? வேலித் தகராறா?”

“பேசாதடா.”

இரண்டாவது அளவும் அதேதான். இவனைக் குதிரையில் ஏற்றிப் பழக்கியவள் அவள். விழுந்தபோதெல்லாம் தூக்கிவிட்டவளும் அவள்தான். ரோசா எழுந்து வந்து தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். சால்கினின் தோளில் கையை வைத்தார். அந்தக் கையைச் சட்டென்று எடுக்கவும் இல்லை.

*

நடையில் நீளமான பெஞ்சு. ஒரு கோடியில் அனார், மறு கோடியில் ஜிபார். நடுவில் நாலு பேர் உட்காரலாம். சால்கின் வெளியே வந்து அனாரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஐந்து மாத வயிற்றோடு அப்படிக் குந்துவதைப் பார்த்து இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அனார்தான் கையை முதலில் இழுத்துக்கொண்டாள்.

“சித்தி, பயப்படாம கேளுங்க. தாலாய்க்கும் இருக்கு.”

அனார் கண்ணை மூடினாள்.

“சித்தப்பா அளவுக்கு இல்ல. ஆரம்பம்தான். மாத்திரை போட்டுக்கிட்டு, அப்பப்ப வந்து பாத்துக்கிட்டா போதும். மல்யுத்தம் மட்டும் கூடாது. தெரிஞ்சதே நல்லதுன்னு நெனச்சுக்கங்க. தெரியாம இருந்திருந்தா, ஒரு நாள் பனியில கார் தள்ளுறப்போ…” அவளே அந்தப் பேச்சைப் பாதியில் விட்டாள். சித்தியின் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். “நல்லவேளை உங்களுக்கு ஒரே பிள்ளை. இன்னொண்ணு இருந்து, அதைப் பாக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க!”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம்.

அனார் முக்காட்டு நுனியை வாயில் திணித்துக் கடித்தாள். தோள் இரண்டும் குலுங்கின. சால்கினைப் பார்க்கவில்லை. ஜிபாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஈரக் கால்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும் அவளுக்கு. மகள் எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அனார் வாயைத் திறக்கவில்லை.

ஜிபார் அதைப் பார்த்தாள். காலையில் அனார் மேல் வந்த கோபம் அத்தனையும் அந்த நிமிஷம் அவள் மேலேயே திரும்பியது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சொன்னாலும் மகள் போய்விடுவாள், சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். சொன்னால் அனாரிடம் போவாள். சொல்லாவிட்டால் மண்ணுக்குப் போவாள்.

இதைப் போய் இத்தனை நாள் யோசித்தோமே என்று தோன்றியது. எழுந்து, சால்கினைத் தாண்டி, நேராக ஸ்கேன் அறைக்குள் நுழைந்தாள். தாலாய் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். ஜிபார் பையிலிருந்து துண்டை எடுத்து உதறினாள். படுக்கையில் விரித்தாள். சுருக்கம் இல்லாமல் நாலு மூலையையும் இழுத்துவிட்டாள்.

சால்கின் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“என்னம்மா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? எப்பலேருந்து? ஏன் சொல்லல?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“பின்ன துண்டு யாருக்கு?”

“உனக்கு. படு.”

சால்கினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீயுமாம்மா? ரோசாக்கா சொல்லி அனுப்புனாங்களா? எத்தனை தடவை சொல்றது, அப்பாவுக்கு இல்லாதது எனக்கு எப்படி வரும்?”

“அப்பாகிட்டேருந்து வராது.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“சித்தப்பாகிட்டேருந்து வரும்.” ஜிபார் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீ எசெனோட தலைச்சன். அனார் பெத்து, நாப்பதாம் நாள் முடிஞ்சு என் மடியில போட்டா. என் வயித்துல நீ பொறக்கல. நான் சொல்லியிருக்கணும், சொல்லல. பயந்தாங்கொள்ளி நான். திட்டணும்னா திட்டு, மூஞ்சியில முழிக்காதேன்னா முழிக்கல. எல்லாம் அப்புறம் வெச்சுக்கோ குட்டி. இப்ப படு.”

சால்கினின் சிரிப்பு முகத்திலிருந்து முழுதாக இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அனார் அங்கே நின்றாள், முக்காடு இன்னும் பல்லுக்கிடையில். இல்லை என்று அவள் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. பக்கத்தில் தாலாய் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அனார் அவன் கையைக் கிள்ளினாள். மூடிக்கொண்டான்.

சால்கின் ரோசாவிடம் திரும்பினாள்.

ரோசா வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து பசைக் குப்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் சில்லென்றுதான் பூசுவார். “மாசமா இருக்கறவளுக்குச் சில்லுன்னு இருக்கக் கூடாதேன்னு காலைலேயே வெந்நீர்ல போட்டு வெச்சேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“உங்களுக்குமா தெரியும்?”

“படும்மா.”

“ஊருக்கே தெரியுமா?”

மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். சால்கினின் கண்ணில் நீர் நிரம்பியது. கோபமா, துக்கமா, பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையைக் கொண்டுபோய் வயிற்றின் மேல் வைத்தாள். அங்கே கை வைத்த பிறகுதான் டாக்டராக யோசிக்கத் தொடங்கினாள். இன்னும் நாலு மாதம். அதற்குப் பிறகு பிரசவம். முக்கவே கூடாது என்று தன் வாயால் சொன்னது ஞாபகம் வந்தது.

வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேலங்கியை அவிழ்த்துவிட்டுத் துண்டின் மேல் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

அப்படிப் படுக்கிறவர்களுக்குத் திரை முதுகுப்பக்கம் போய்விடும். எத்தனையோ பேரை அப்படிப் படுக்க வைத்திருக்கிறாள். அவர்களுக்கு எதிரே தெரிவது வெறும் சுவர்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. சுவருக்கும் படுக்கைக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளியில் ஜிபார் தன்னைச் செருகிக்கொண்டு நின்றாள். சால்கினுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முகம்தான். அந்த முகத்துக்கோ திரையைப் படிக்கத் தெரியாது. சாம்பல் நிறத்தில் என்னமோ துடிப்பதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கருவி நெஞ்சில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ரோசாவின் கை மெதுவாக மேலே நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. சால்கின் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்த அறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்குப் படம் தேவையில்லை, சத்தமே போதும்.

டிக்.

அதன் பிறகு ‘துடைச்சுக்கோ’ என்ற சொல் வர வேண்டும். வரவில்லை.

“அம்மா” என்றாள் சால்கின்.

ஜிபார் அசையவில்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் கொடுக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் தானாக வாசல்பக்கம் போயிற்று. அனார் அங்கேயே நின்றாள், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல்.

“உன்னைத்தாம்மா. அங்க என்ன பாக்கறே? உன்கிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன், இருக்கு உனக்கு.” துண்டு நுனியில் கண்ணைத் துடைத்தாள். “இப்ப இந்தத் துண்டைக் கொஞ்சம் மேல இழுத்து விடு. தோளு குளிருது.”

ஜிபார் படுக்கையிலிருந்து தொங்கிய துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள். தோளை மூடினாள். கழுத்துவரை மூடினாள். கையை எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் பசைக் குப்பியை அழுத்தும் சத்தம் கேட்டது. ரோசா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மூச்சை வெளியில விட்டு நிறுத்தும்மா. இன்னொரு தடவை அளந்துக்கறேன்.”